சத்தம் போடாத பாட்டில்

நம் பழப் பதனப் பயிற்சி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

இருபத்தேழு வயதில் ஒருத்தி தன் பணி அனுபவங்களை எழுத உட்கார்ந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கே வருகிறது. ஓய்வு பெற்றவர்கள் செய்கிற காரியம் இது. ஆனால் வருகிற வெள்ளிக்கிழமையோடு நான் வேலையை விடுகிறேன். இரண்டாவது குழந்தைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மூத்தவள் ஷீலாவைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. மத்திகிரியிலிருந்து ஓசூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு வருவது இனி முடியாது. அதனால் நானும் ஓய்வு பெறுகிறவள்தான்.

ஜாமை எந்தப் பதத்தில் இறக்குவது, ஸ்குவாஷுக்கு எவ்வளவு சர்க்கரை என்பதெல்லாம் பச்சை அட்டைப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். எழுதலாமா கூடாதா என்று நான்கு நாள் யோசித்தேன். அதில் ரம் வருகிறது, வேதக்கோயில் வருகிறது, நான் செய்த தப்பு வருகிறது. சம்பந்தப்பட்ட அம்மாள் கடல் தாண்டித் தன் ஊருக்குப் போய்விட்டார், இனி சொல்வதால் அவருக்குக் கெடுதல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஒரு சின்னத் தப்பு. பெரிய தப்பு அதிலிருந்துதான் முளைத்தது.

வேலையில் சேர்ந்த முதல் வருஷம் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் நாவல்பழச் சாறு செய்து காட்டினேன். முப்பது பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கருநீலமும் சிவப்புமாகச் சாறு அவ்வளவு அழகாக வந்தது. கெடாமல் இருக்க மருந்து போடவேண்டும். நம்மிடம் இரண்டு மருந்து உண்டு, இரண்டும் வெள்ளைத் தூள். மாம்பழம், எலுமிச்சைக்குப் போடுகிற கே.எம்.எஸ். ஒன்று. நிறமுள்ள சாறுகளுக்குப் போடுகிற பென்சோயேட் இன்னொன்று. நான் பதற்றத்தில் கே.எம்.எஸ்.ஸைப் போட்டுவிட்டேன். அது நிறத்தைத் தின்றுவிடும். அவர்கள் கண் எதிரிலேயே சாறு வெளுத்து, பழைய புடவை அலசிய தண்ணீர் மாதிரி ஆனது. ஒரு பெண் எழுந்து, "டீச்சரம்மா, சாயம் போன ரசம் வெக்கக் கத்துக்கிட்டோமுங்க, போலாமுங்களா?" என்றாள். முப்பது பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பஸ்ஸில் வீடு வரைக்கும் கூடவே வந்தது. அன்றிலிருந்து சாறு வெளுப்பதுதான் உலகத்திலேயே பெரிய தப்பு என்று என் மனத்தில் பதிந்துவிட்டது.

அடுத்தது மார்வா.

மத்திகிரி கால்நடைப் பண்ணைக்குத் தீவனப் பயிர் பற்றிச் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். அவர் வெள்ளைக்காரர். மனைவி மார்வா மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றில் பிறந்தவர். நம்மைப் போலவே கறுப்பு. முதல் நாள் குழாயடியில் அவரைப் பார்த்த என் பக்கத்து வீட்டு முனிரத்னம்மா, "ஏ ஊரு மீதி?" என்று தெலுங்கில் ஊரை விசாரித்தாள். பதில் இங்கிலீஷில் வந்ததும் பயந்துபோய் குடத்தை விட்டுவிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். அப்படித்தான் எனக்கு மார்வாவின் அறிமுகம். என் வயதுதான். கைக்குழந்தை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கே வருவார். தமிழ் தெரியாது. ஆயாவிடம் கற்ற கன்னடம் நாலு வார்த்தை தெரியும். நாங்கள் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். என் இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ என்று நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் உள்ளே ஒரு தரம் சொல்லிப் பார்ப்பேன். அவர் அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்.

போன வருஷம் கார்த்திகை மாதம் அவரும் நானும் குழந்தைகளோடு ராகிக் காட்டு வரப்பில் நடந்துகொண்டிருந்தோம். வரப்பு ஓரமாகப் புளிச்சைக்கீரை முற்றி, பூ உதிர்ந்து, சிவப்புக் காயாக நின்றது. கீரையைப் பறித்துக்கொண்டு காயை மாட்டுக்குப் போடுவதுதான் நம் வழக்கம். மார்வா அப்படியே நின்றுவிட்டார். ஒரு காயை ஒடித்து, அதைச் சுற்றியிருந்த சதைப்பற்றான சிவப்பு இதழைக் கடித்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர்.

"இது எங்கள் கிறிஸ்துமஸ்!" என்றார்.

அவர்கள் தீவில் இந்தக் காயில்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாதாம். சிவப்பு இதழை உரித்து, தட்டிய இஞ்சி, கிராம்பு, காய்ந்த ஆரஞ்சுத் தோல் சேர்த்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார்கள். மறுநாள் வடிகட்டிச் சர்க்கரை போடுவார்கள். பிறகு ரம். அதைக் கண்ணாடி டம்ளரில் பாதி ஊற்றி, மேலே ஆரஞ்சுச் சாற்றைக் கரண்டியின் முதுகில் விட்டு மெதுவாக வழிய விட்டால் கீழே சிவப்பு, மேலே மஞ்சள், நடுவில் விடியற்காலை வானத்து நிறம். ஓரத்தில் ஒரு அன்னாசித் துண்டு, ஒரு புதினாக் கொழுந்து.

நிறம் என்று கேட்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். "எங்கள் வீட்டிலேயே செய்யலாம், என்னிடம் பெரிய பாத்திரம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். ரம்மைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இந்தச் சமாசாரம் சபைப் பெண்கள் சங்கத்துக்குப் போயிற்று. சங்கச் செயலாளர் எஸ்தர் அக்காவை உங்களுக்குத் தெரியும், போன மாதம் ஊறுகாய் வகுப்பில் உங்கள் இருவரையும் கேள்வி கேட்டே துளைத்தாரே, அவர்தான். "ரம்மெல்லாம் அந்தம்மாவோட போகட்டும். அந்த ரெண்டு நிறத்தை ஞாயிறு பள்ளிப் பசங்களுக்குக் கிறிஸ்துமஸ் விழாவில குடுத்தா எப்படி இருக்கும்!" என்றார். அறுபது குழந்தைகள். சர்க்கரைக்கு எங்கே போவது? அந்தச் சமயம் ரேஷன் சர்க்கரை ஒரு வீட்டுக்கே போதாது. எஸ்தர் அக்கா ஒரு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பன்னிரண்டு வீடுகள், ஆளுக்கு ஒன்றிரண்டு ஆழாக்கு. சில வீட்டில் அந்த வாரம் பால் காப்பிக்கு வெல்லம் போட்டுக் குடித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

விழாவுக்கு எட்டு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, வீட்டில் காய்ச்சினேன். பாத்திரத்தை மூடி வைத்து, மறுநாள் வடிகட்டிச் சர்க்கரையைக் கரைத்தேன். அந்த நிறத்தை எப்படிச் சொல்வது! ஷீலா பக்கத்தில் நின்று, "அம்மா, ரோஜாவா?" என்றாள்.

மருந்து போடவேண்டிய இடம் வந்தது. நிலையத்திலிருந்து கொண்டுவந்து வீட்டில் வைத்திருந்த பென்சோயேட் டின் காலி. தீர்ந்துபோகும் என்று பத்து நாள் முன்பே தெரியும். கேட்டு எழுதியிருந்தேன், வரவில்லை. அலமாரியில் இருந்தது கே.எம்.எஸ். மட்டும். அதைக் கையில் எடுத்தேன். ராயக்கோட்டைச் சிரிப்பு காதில் கேட்டது. டின்னை வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன். வைத்தேன். கொதிக்கவைத்ததுதானே, மார்கழிக் குளிர்தானே, ஏழே நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "சின்னப் பசங்க குடிக்கறது, மருந்து கிருந்து போட்டுறாதே" என்று முனிரத்னம்மா வேறு சொல்லியிருந்தாள். அதையும் காரணமாக எடுத்துக்கொண்டேன். உண்மைக் காரணம் அது எதுவுமில்லை. நிறம் போய்விடும் என்ற பயம்தான். மருந்து போடாமலே பாட்டிலில் ஊற்றினேன்.

நான் சர்க்கரையும் குறைத்திருந்தேன், அது தானாகக் காக்கிற அளவு இல்லை. இதை ஒரு வகுப்பில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் பளிச்சென்று பதில் சொல்லியிருப்பேன். என் அடுப்படியில் என்னை யாரும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மார்வா சைக்கிளில் வந்து இறங்கினார். தன் பங்குக்கு மூன்று பாட்டில் கேட்டிருந்தார். துணிப்பையிலிருந்து ரம் பாட்டிலை எடுத்து என் அடுப்பு மேடையில் வைத்தார்.

நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் கடை வைத்து விற்கிறார்கள், நம் எல்லை ஊர் ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம் வந்தால் குற்றம். வெளிநாட்டுக்காரர் என்பதால் மார்வாவுக்கும் கணவருக்கும் பர்மிட் உண்டு. அவர்கள் வீட்டுக்குள் அவர்கள் குடிக்கலாம். என் வீட்டுக்குக் கொண்டுவருவது அதில் சேருமா? சேராது என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் தற்காலிக அரசு ஊழியை, இன்னும் நிரந்தரமாகவில்லை. "தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய் உங்கள் வீட்டில் கலந்துகொள்ளுங்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த வாக்கியத்தை உள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் மூன்று பாட்டிலிலும் ஊற்றிக் கலக்கி, மூடி அழுத்தும் கை மெஷினில் தானே மூடியும் போட்டுவிட்டார்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

மத்திகிரி லைன் வீடுகளில் பகலில் யாரும் ஜன்னலைச் சாத்துவதில்லை. இரண்டு நிமிஷத்தில் முனிரத்னம்மா, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நேராக அடுப்படிக்கே வந்துவிட்டாள். மேடையில் ரம் பாட்டில். பக்கத்தில் வரிசையாக இருபத்திரண்டு சிவப்பு பாட்டில்கள், மார்வாவின் மூன்று. முனிரத்னம்மா கெட்டவள் இல்லை. ஆனால் குழாயடிக்குப் போகிறவள்.

விழா அன்று மத்தியானம் குழந்தைகள் வசனம் ஒப்பித்து முடித்து, கோயில் வளாகத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் பாயில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பின்பக்கக் கொட்டகையில் பெரியவர்களின் டீக்காக அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கூடை கமலா ஆரஞ்சு தயாராக இருந்தது. ஷீலா என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மொதல்ல, எனக்கு மொதல்ல" என்று குதித்தாள்.

முதல் பாட்டிலை ஓப்பனரால் நெம்பினேன்.

ஸ்ஸ்ஸ் என்றது.

கோலி சோடா மாதிரி. சிவப்பு நுரை கழுத்துவரை ஏறி என் விரலில் வழிந்தது. முகர்ந்து பார்த்தேன். ஆப்பத்துக்கு அரைத்து வைத்த மாவு மறுநாள் காலையில் வீசுமே, அந்த வாசனை. ஒரு கரண்டி வாயில் விட்டேன். நாக்கில் முள் முள்ளாகக் குத்தியது. ஷீலா டம்ளரை நீட்டினாள். என் கை அதை வாங்கி மேலே, அவளுக்கு எட்டாத மரப்பலகையில் வைத்தது. கை முடிவு செய்த பிறகுதான் தலை யோசிக்க ஆரம்பித்தது.

இஞ்சிக் காரமாக இருக்குமோ? இரண்டாவது பாட்டில். ஸ்ஸ்ஸ். ஒரு வேளை இந்த இரண்டு மட்டும்தானோ? மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதைத் திறக்கும்போது எஸ்தர் அக்கா வந்துவிட்டார்.

"என்னம்மா இன்னும்? பசங்க கத்தறாங்க."

"அக்கா, இது புளிச்சுப் போச்சுங்க."

அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இஞ்சி போட்டா சுருக்குன்னுதான் இருக்கும். ஊத்து, ஊத்து."

"இல்லீங்கக்கா. நுரை பாருங்க."

எஸ்தர் அக்கா பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "புளிச்சுதா, கலந்துச்சா?"

நான் ஐந்தாவது பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"குழாயடியில பேசினது என் காதுக்கும் வந்துச்சு. ஜன்னலைச் சாத்திக்கிட்டு என்னமோ ஊத்தினீங்களாமே. நான்தான், அந்தப் பொண்ணு அப்படியெல்லாம் பண்ணாதுன்னு வாயை அடைச்சேன். பன்னிரண்டு வீட்டுச் சர்க்கரைம்மா இது. நான் போசி தூக்கிக்கிட்டுப் போய் நின்னது."

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கொடுத்தால் அறுபது குழந்தைகளின் வயிற்றுக்குள் புளித்த தண்ணீர் போகும். கொட்டினால், ரம் கலந்ததனால்தான் கொட்டினாள் என்று ஊர் முடிவு கட்டும். வேலையும் போகும், பெயரும் போகும். எஸ்தர் அக்கா சொன்னபடி இஞ்சி என்று சொல்லி ஊற்றிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இதைத்தான் மனசு திரும்பத் திரும்பச் சொன்னது. கொஞ்சம்தானே புளித்திருக்கிறது, ஒரு டம்ளரில் என்ன ஆகிவிடும்? ஆனால் ஷீலாவின் டம்ளர் பலகை மேல் இருந்தது. என் பெண்ணுக்குக் கொடுக்காததை மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கு எப்படிக் கொடுப்பது?

அப்போது மார்வா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பாட்டிலை வாங்கி முகர்ந்தார், ரம் கலந்ததாகச் சந்தேகப்படுகிறார்கள் என்று நான் இங்கிலீஷில் சொன்னதும் சட்டென்று சிரித்துவிட்டார். "எங்கள் வீட்டிலும் ரம் ஊற்ற நாள் தள்ளிப்போனால் இப்படித்தான் பொங்கும். ரம் விழுந்துவிட்டால் அப்புறம் அசையாது. என் பாட்டிலைத் திறந்தால் சத்தமே வராது. போய் எடுத்து வரட்டுமா? பத்து நிமிஷம். இவர்களுக்குத் திறந்து காட்டிவிடலாம்."

எனக்கு அந்த ஒரு கணம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? ஒரே பானை, ஒரே நாள், ஒரே மூடி. ரம் ஊற்றியது வாய் மூடி இருக்கிறது, ஊற்றாததுதான் சத்தம் போடுகிறது. இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? ஆனால் அந்தச் சாட்சியைக் கோயில் வளாகத்துக்குள், அறுபது குழந்தைகள் எதிரில், மதுவிலக்கு ராஜ்யத்தில் கொண்டுவந்து திறக்கவேண்டும். மார்வாவின் பர்மிட்டும் போகும். போதகரின் தலையும் உருளும். என்னைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டு பேரை மாட்டிவிடவேண்டும்.

"வேண்டாம்" என்றேன்.

"என்ன சொல்றாங்க அந்தம்மா?" என்றார் எஸ்தர் அக்கா.

"அவங்க வீட்டிலிருந்து எதுவும் எடுத்துட்டு வரவேண்டாம்னு சொன்னேன்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் எப்படி விழும் என்று புரிந்தது. எஸ்தர் அக்காவின் முகம் இன்னும் இறுகிவிட்டது.

நான் கொட்டகையை விட்டு வெளியே வந்து, போதகர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக நடந்தேன். எல்லோர் காதிலும் விழும்படி பேசினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று அதுவரை எனக்கே தெரியாது.

"ஐயா, நான் செஞ்ச பானம் புளிச்சுப் போச்சு. கெடாம இருக்க மருந்து போட்டிருக்கணும், போடல. தப்பு என்னோடதுதான். இதைப் பசங்களுக்குக் கொடுக்கமாட்டேன்."

"முழுசுமா?"

"முழுசும்."

அவர் காதுக்கும் குழாயடி எட்டியிருக்கும். "சரி. இப்ப நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார்.

இதைக் கவனியுங்கள். தப்பு செய்தவளிடமே அடுத்த வேலை என்ன என்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்த தொழில் இதுதானே? புளித்த பாட்டில் எதற்கு, அடுப்பில் கொதிக்கிற தண்ணீர் இருக்கிறது, கூடையில் ஆரஞ்சு இருக்கிறது, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் முறத்தில் இரண்டு படி புளிச்சை இதழ் காய்கிறது. என் வீட்டுக்காரரை சைக்கிளில் விரட்டினேன். டீத் தண்ணீரை யாரும் தொடக்கூடாது என்றேன். மார்வா குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஆரஞ்சு பிழிய உட்கார்ந்தார்.

"டீக்கு வெச்ச சர்க்கரை எங்கேக்கா?"

எஸ்தர் அக்கா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். "அப்ப பெரியவங்களுக்கு?"

"சர்க்கரை இல்லாத டீதான்."

"கிறிஸ்துமஸுக்குக் கசப்பு டீயா! கேட்டுக்கிட்டீங்களா ஐயா, இந்தப் பொண்ணு பண்றதை!" என்று கத்தினார். ஆனால் டப்பாவைக் கொடுத்துவிட்டார்.

இருபத்திரண்டு பாட்டிலையும் மறைவாகக் கொட்டவில்லை. எல்லோரும் பார்க்க, வேலியோரக் கால்வாயில், ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்த்தேன். ஒவ்வொன்றும் ஸ்ஸ்ஸ் என்று சொல்லிவிட்டுத்தான் போயிற்று. பன்னிரண்டு வீட்டுச் சர்க்கரை சிவப்பாக ஓடியது. "இந்த வருஷம் எறும்புங்களுக்குத்தான் கிறிஸ்துமஸ்" என்று ஆண்கள் பக்கம் யாரோ சொல்ல, ஒரு சிரிப்பு எழுந்தது. ராயக்கோட்டைச் சிரிப்பைவிடப் பெரியது. எனக்கு அது உறைக்கவில்லை, கையில் வேலை இருந்தது.

முக்கால் மணியில் புதுச் சாறு தயாராயிற்று. இஞ்சி கொஞ்சம் குறைவு, கிராம்பு இல்லவே இல்லை. அன்றைக்குச் செய்து அன்றைக்கே குடிப்பதற்கு எந்த மருந்தும் தேவையில்லை. கீழே சிவப்பு, மேலே மஞ்சள். அறுபது டம்ளரையும் குழந்தைகள் முதலில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்கள். ஷீலா நிறம் கலைந்துவிடும் என்று குடிக்கவே மாட்டேன் என்றாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பதினைந்து நாளில் நம் மாவட்ட அலுவலகத்துக்குக் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று போயிற்று. நான் கோயில் விழாவில் மது கலந்து கொடுக்க முயன்றேன் என்று. அதிகாரி விசாரிக்க வந்தார். நான் செயல்முறைப் பதிவேட்டை எடுத்து வைத்தேன். விழா முடிந்து அலுவலகம் திறந்த முதல் நாளே அதில் எழுதியிருந்தேன்: மருந்து போடவில்லை, இருந்த மருந்து நிறத்தை வெளுக்கும் என்ற அச்சம் காரணம், அனைத்தும் புளித்துக் கொட்டப்பட்டது, குழந்தைகள் யாரும் அருந்தவில்லை.

"இதை நீங்களே எழுதினீங்களா? யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"நானேதாங்க."

"கடிதம் வந்ததுக்கு முந்தியா, பிந்தியா?"

"தேதி போட்டிருக்கேன் சார்."

அவர் தேதியைப் பார்த்தார், கடிதத்தின் உறையிலிருந்த முத்திரையைப் பார்த்தார், பதிவேட்டை மூடினார். கவனக்குறைவுக்கு ஒரு மெமோ வந்தது. அது நியாயம். இந்த வருஷமே வேலையும் நிரந்தரமானது.

மார்வா என் அடுப்படியில் ரம் ஊற்றியதை நான் பதிவேட்டில் எழுதவில்லை. அதிகாரி கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் சரி என்று படுகிறது, மறுநாள் இல்லை. இதில் உங்களுக்கு என்னால் பாடம் சொல்ல முடியாது. ஜன்னலைச் சாத்த எழுந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

எஸ்தர் அக்கா அதன் பிறகு என்னோடு பேசுவார், ஆனால் பழைய மாதிரி இல்லை. புதன்கிழமைக் கூட்டத்தில் பிஸ்கட் தட்டு என்னைத் தாண்டிப் போகும். நானும் விளக்கவில்லை. எதைக் காட்டி விளக்குவது?

ஜூலையில் மார்வாவின் கணவருக்குத் தவணை முடிந்தது. சாமான் கட்ட ஒத்தாசைக்குப் போயிருந்தேன். சின்னதாகிப்போன குழந்தைத் துணிகளைச் சபைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்ததால் எஸ்தர் அக்காவும் வந்திருந்தார். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தோம். மார்வா அலமாரியின் அடித்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். மூன்றில் மிச்சமிருந்த ஒன்று. அவர் வீடு, அவர் பர்மிட், அவர் பாட்டில். கடைசி நாள், நானே குடித்துவிடுகிறேன் என்றார்.

அவர் மூடியை நெம்பினார். எஸ்தர் அக்காவின் கை மடிப்பை நிறுத்தியது.

ஒரு சத்தமும் இல்லை. நுரை இல்லை. ஏழு மாதம் இருந்த பாட்டில், நேற்று மூடியது மாதிரி அசையாமல் இருந்தது. மார்வா டம்ளரில் பாதி ஊற்றி, கரண்டியின் முதுகில் ஆரஞ்சுச் சாற்றை வழிய விட்டார். கீழே சிவப்பு, மேலே மஞ்சள்.

"அதே பானையா?" என்றார் எஸ்தர் அக்கா, டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதே பானைதாங்கக்கா."

"இதுல ஊத்தியிருக்கு."

"ஆமாங்க."

"சத்தமே வரலியே."

"ஊத்தினா வராதுங்க."

அவர் ஒரு குட்டிச் சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார் உடனே. பிறகு வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். மார்வாவுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் சேர்ந்து சிரித்தார்.

கிளம்பும்போது வாசற்படியில் நின்று எஸ்தர் அக்கா சொன்னார்: "வர்ற கிறிஸ்துமஸுக்கும் நீதான் செய்யணும். சர்க்கரைக்கு நான் போசி எடுத்துக்கிட்டுப் போறேன்."

அந்தக் கிறிஸ்துமஸ் இப்போது வருகிறது. நான் இருக்கமாட்டேன், அதனால் அது உங்கள் வேலை. எஸ்தர் அக்காவிடம் சொல்லிவிட்டேன். முதலில் உங்களைக் கொஞ்சம் மிரட்டுவார், பயப்படாதீர்கள். இதழ் பறிக்க வரப்புக்காரரிடம் பேசியாயிற்று. பென்சோயேட் டின் பாதிக்கு வந்ததும் கேட்டு எழுதுங்கள், அடி தெரியும்வரை காத்திருக்கவேண்டாம். வெளுத்துவிடுமோ என்று பயம் வந்தால் முந்தியே செய்து வைக்காமல் அன்றைக்கே செய்யுங்கள்.

இன்னொன்று. பாட்டிலைத் திறக்கும்போது பேசிக்கொண்டே திறக்காதீர்கள். அந்த ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு காதைக் கொடுங்கள்.